தேங்குநீர்த் தொட்டி: டெல்டா வீட்டில் ஒரு செடித்தொட்டி

கல்லணையில் பிரிந்த பிறகு காவிரிக்கு அவசரமில்லை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளைத்து, வாய்க்காலாகி, வயல் மடைக்குள் நுழையும்போது அதன் ஓட்டம் கண்ணுக்கே தெரியாது. கடைமடைப் பக்கம் போனால் நீர் நின்றுவிடுகிறது. குட்டை, அல்லிக் குளம், நாற்றங்காலுக்கு அருகிலுள்ள பள்ளம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி என்று எங்கு பார்த்தாலும் தேங்கிய நீர். அதில் வாழும் மீன்களும் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன்கள் அல்ல. செடிக்கடியில் மெதுவாக நகர்ந்து, அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும் மீன்கள்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது நெடுநாள் வழக்கம். மூடிய பிறகு வாய்க்கால் வற்றும். மீன்கள் மிச்சமிருக்கும் குட்டைகளில் ஒதுங்கும். சித்திரை, வைகாசியில் அந்தக் குட்டை நீர் சூடாகி, உயிர்வளி குறைந்து, செவுளை மட்டும் நம்பும் மீன் தாக்குப்பிடிக்க முடியாத நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த நிலத்தின் தேங்குநீர் மீன்கள் பலவற்றுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஏற்பாடு உடலிலேயே இருக்கிறது. பனையேறிக் கெண்டையை எல்லோருக்கும் தெரியும். தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791இல் ஒரு பனை மரத்தில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே அந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. மரம் ஏறியதா என்பதில் பின்னால் வந்தவர்களுக்கு ஐயம் உண்டு. ஈரத் தரையில் நகரும், காற்றைச் சுவாசித்து வெளியே உயிரோடிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இந்த அத்தியாயம் சொல்வது இதைத்தான்: நம் ஊரில் செடித்தொட்டி அமைப்பவர், ஓடுநீர் மீனை வாங்கிவந்து மோட்டார், குளிர்விப்பான் என்று செலவழிக்க வேண்டியதில்லை. தேங்குநீரிலேயே பிறந்து வளரும் மீனையும் செடியையும் வைத்தால் நம் தண்ணீரும் நம் வெயிலும் அவற்றுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். மீதி வேலையைச் செடியே பார்த்துக்கொள்ளும்.

தொட்டியும் இடமும்

தொடங்குபவருக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். கடைக்காரர்கள் "ரெண்டடித் தொட்டி" என்பார்கள். விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர் பிடிக்கும். மண், மணல், மேலே விட வேண்டிய இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்கும் நீர் 47 லிட்டர் அளவுதான். மீன் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது 70ஐ மறந்துவிட்டு 47ஐ நினைவில் வையுங்கள். இதைவிடச் சிறிய தொட்டி எளிது என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய தொட்டியில் நீரின் தன்மை ஒரே நாளில் மாறிவிடும். பழகாத கைக்கு அதுதான் கடினம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை மீனுக்கு வாங்கவே வேண்டாம்.

நீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்த்து எடை 80 கிலோவை நெருங்கும். டிவி ஸ்டாண்டு தாங்காது. இரும்புக் கோண ஸ்டாண்டு அல்லது சுவரோடு கட்டிய சிமென்ட் மேடை நல்லது. மேடை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே தெர்மாகோல் அட்டை விரித்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். பச்சைப் பாசி படர்வது ஒருபுறம் இருக்க, சித்திரை மாதத்து மேற்கு வெயில் இரண்டு மணி நேரத்தில் தொட்டி நீரைச் சுட வைத்துவிடும். பழைய வீடாக இருந்தால் ரேழியும் கூடத்தின் வடக்குச் சுவரும் சிறந்த இடங்கள்.

மண்

டெல்டாக்காரருக்கு வாய்த்த பெரிய வசதி மண். மற்ற ஊர்க்காரர்கள் செடித்தொட்டிக்கென்று பொட்டலத்தில் விற்கும் மண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் அதைவிடக் குறைந்ததல்ல. களித்துகள் மிகுந்த மண் ஊட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். இரும்புச்சத்தும் அதில் இருக்கிறது. மண்ணை அடியிலும் மணலை மேலேயும் இட்டு, மோட்டாரை நம்பாமல் செடியை நம்பும் முறையை விரிவாக எழுதிப் பரப்பியவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட். 1999இல் வந்த அவருடைய நூல் இன்றும் இந்தத் துறையில் அடிப்படை நூல். அவர் சொன்ன முறைக்கு நம் வயல் மண் நன்றாகப் பொருந்தும்.

சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் மண் எடுங்கள். யூரியா, டிஏபி போட்ட சூடு தணிந்திருக்க வேண்டும். களைக்கொல்லி தெளித்த வயலை விட்டுவிடுங்கள். வற்றிய குளத்து வண்டல் இன்னும் நல்லது. வெள்ளையாக உப்புப் பூத்த மண் எங்கிருந்தாலும் வேண்டாம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்தில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தொழுவுரம் கலந்த தோட்ட மண்ணையும் எடுக்காதீர்கள். அது நீரில் அழுகி அம்மோனியாவைக் கக்கும்.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு அங்குல உயரம் பரப்ப ஐந்து லிட்டர் மண் போதும். வாளியில் போட்டு நீர் விட்டுக் கலக்கி, மேலே மிதக்கும் வைக்கோலையும் வேரையும் வடித்துவிட்டு, சாக்கில் பரப்பி வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்துக் காய வையுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் மண்ணில் இருக்கும் மட்கும் பொருள் பெருமளவு ஆறிவிடும். மூன்று முறைக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இதை அவசரப்படுத்தியவர்களின் தொட்டிதான் முதல் மாதத்தில் நாறுகிறது. பிறகு சல்லடையில் சலித்து, தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, கண்ணாடியோரம் ஒரு அங்குலம் விட்டு அடியில் பரப்புங்கள். ஓரத்தில் மணல் மட்டும் தெரிந்தால் பார்க்கவும் அழகு, பாசியும் குறையும்.

அதன்மேல் ஒன்றரை அங்குலம் ஆற்று மணல். கிட்டத்தட்ட ஏழு லிட்டர், அதாவது பத்துப் பதினோரு கிலோ. இதற்காக ஆற்றில் இறங்கி அள்ள வேண்டாம். காவிரியும் கொள்ளிடமும் மணல் இழந்தது போதும். வீடு கட்டும் இடத்தில் சலித்துக் கழித்த மணலோ, பழைய கட்டட வேலையில் மிஞ்சிய மணலோ எளிதில் கிடைக்கும். கழுவும் நீர் தெளியும்வரை அலசுங்கள். ஒரு கைப்பிடி மணலைக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது என்று பொருள். நீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், அந்த மணல் வேண்டாம். எம்-சாண்டு கூர்மையான துகள். அடியில் மேயும் மீனின் வாயைக் கிழிக்கும்.

தண்ணீர்

உங்கள் தெருவில் ஆர்ஓ இயந்திரம் பழுது பார்க்க வருபவரிடம், நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். நீங்கள் பயன்படுத்தப்போகும் நீரை அவரிடம் அளக்கச் சொல்லுங்கள். 100 முதல் 300 வரை இருந்தால் கவலையே இல்லை. 500ஐத் தாண்டினால் மழைநீரோ ஆர்ஓ நீரோ கலந்து இறக்க வேண்டும். கடலோரத்து போர் நீர் ஆயிரத்துக்கு மேலே போவது சாதாரணம். அங்கே மழைநீரைத்தான் முதன்மையாக நம்ப வேண்டும். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் சிலர் தொட்டியில் ஊற்றுகிறார்கள். வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மாடி நீரைப் பிடித்து வையுங்கள். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு மூன்றாம் மழையிலிருந்து பிடித்தால் தூசி இருக்காது. கொசு நுழையாதபடி துணி கட்டிய டிரம்மில் மாதக்கணக்கில் நிற்கும். மழைநீரை மட்டுமே நிரப்பக் கூடாது. தாது எதுவும் இல்லாததால் அதன் பி.எச். திடீரென்று விழும். போர் நீர் பாதி, மழைநீர் பாதி என்பது டெல்டாவின் பெரும்பாலான இடங்களுக்கு நல்ல கலவை.

போர் நீரை வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்தால் துருநிறம் படிகிறதா? அப்படியானால் இரும்பு அதிகம். மேல்நீரை மட்டும் மொண்டு பயன்படுத்துங்கள். நகராட்சி, ஊராட்சிக் குழாய் நீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி கழுவிய வாரத்தில் பிளீச்சிங் நெடி கடுமையாக இருக்கும். அப்போது இரண்டு நாள் வையுங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுங்கள். வாய்க்கால் நீரை மட்டும் தொட்டியில் விடாதீர்கள். மேலே எந்த வயலில் எந்த மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது மெதுவாக விடுங்கள். அவசரமாகக் கொட்டினால் அடியிலுள்ள வண்டல் எழுந்து மூன்று நாள் கலங்கி நிற்கும்.

செடி

செடித்தொட்டியில் செடி அலங்காரம் அல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உறிஞ்சி, பாசிக்கு ஊட்டமில்லாமல் செய்து, பகலில் உயிர்வளி விடும் உறுப்பு அதுதான். ஆகவே முதல் நாளே அடர்த்தியாக நடுங்கள். தரையில் முக்கால்வாசிக்கு மேல் செடி இருக்க வேண்டும். நான்கு செடி நட்டுவிட்டுப் பெருகட்டும் என்று காத்திருப்பவரின் தொட்டியில் பாசிதான் பெருகும்.

வேகமாக வளரும் செடிகளிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் இரண்டையும் நம் ஊரில் பொதுவாகப் பாசி என்றே சொல்லிவிடுகிறோம்; குளத்தில் மண்டிக் கிடப்பவை. நீண்ட நாடா இலை கொண்ட வாலிஸ்நேரியா பின்சுவருக்கு. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, நெல்வயலில் களையாக முளைக்கும் லிம்னோஃபிலா, ரோட்டலா ஆகியவை நடுப்பகுதிக்கு. வெளிநாட்டுச் செடித்தொட்டிக்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் இந்தச் செடிகளை நம் பெண்கள் இடுப்பொடியக் களையெடுத்து வரப்பில் வீசுகிறார்கள். வாட்டர் ஸ்பிரைட் என்று கடையில் விற்கும் நீர்ப்பெரணியும் வயலோரத்தில் இருப்பதுதான். அதை மிதக்க விட்டால் தொங்கும் வேர்களுக்கிடையே மீன்கள் கூடு கட்டும்.

முன்வரிசைக்கு ஆரைக்கீரை. சமைப்பதற்குப் பறிக்கிறோமே, அதே நாலிலைச் செடிதான். நீருக்கடியில் இலை சிறுத்து, தரையோடு ஊர்ந்து பசும்விரிப்பாகும். பொறுமை வேண்டும், முதல் இலைகள் உதிர்ந்த பிறகுதான் நீருக்குப் பழகிய இலை வரும். வரப்போரத்து நீர்ப்பிரம்மியும் அப்படித்தான். வல்லாரையைப் பலர் முயல்கிறார்கள். மூழ்கிய நிலையில் அது நீடிக்காது, விட்டுவிடுங்கள்.

கொட்டிக்கிழங்குச் செடிக்குத் தனியாக ஒரு பத்தி தர வேண்டும். நீர் வந்ததும் குளத்தில் முளைத்து, நீள இலை விட்டு, பூத்து, கோடையில் கிழங்காக மண்ணுக்குள் உறங்கும் செடி அது. தொட்டியில் நீர் வற்றாவிட்டாலும் அந்த உறக்கம் அதற்கு வேண்டும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செடி இலையை எல்லாம் உதிர்த்தால் செத்துவிட்டதென்று வீசாதீர்கள். கிழங்கைத் தொட்டுப் பார்த்து, கெட்டியாக இருந்தால் எடுத்து ஈர மணலில் இரண்டு மாதம் வைத்துவிட்டு மறுபடி நடுங்கள்.

கிரிப்டோகொரைன் இனத்தைத் தொட்டிச் செடிகளில் முதலிடத்தில் வைப்பேன். குறைந்த ஒளியில் வளரும், வேரால் மண்ணை இறுகப் பிடிக்கும், ஒருமுறை நிலைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இலங்கையைச் சேர்ந்த வெண்ட்டியை என்ற வகை. ஆனால் இந்த இனத்தில் அறிவியல் பெயர் பெற்ற முதல் செடி நம் பக்கத்துச் செடி. தரங்கம்பாடியில் இருந்த கோனிக் என்ற தாவரவியலாளர் அனுப்பியதை வைத்து ஸ்வீடனின் ரெட்சியுஸ் 1779இல் விவரித்த ஸ்பைராலிஸ், இந்திய நெல்வயல்களில் இன்றும் முளைக்கிறது. கிரிப்டோகொரைனை நட்ட இரண்டு வாரத்தில் இலை முழுக்கக் கரைந்து போகக்கூடும். இடம் மாறினால் அது செய்வது அதுதான். வேரைப் பிடுங்காமல் விட்டால் புது இலை வரும்.

மிதக்கும் செடியாக அசோலாவைப் போடலாமா என்று கேட்பார்கள், மாட்டுக்கு வளர்க்கும் வீடுகளில் இருப்பதால். நிழலுக்குப் போடலாம். நீரைச் சுத்தம் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேர்த்துத் தருவதால், நீரிலுள்ள கழிவை உறிஞ்ச வேண்டிய தேவை அதற்குக் குறைவு. வாரம் ஒருமுறை பாதியை அள்ளி மாட்டுக்கோ கோழிக்கோ போடுங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பை மூடிவிடும்.

வயலிலிருந்து எடுத்த செடியை நேரே தொட்டியில் நடக் கூடாது. அட்டை, தட்டான் குஞ்சு, பூச்சிமருந்தின் மிச்சம் எல்லாம் கூடவே வரும். தட்டான் குஞ்சு சிறு மீனைப் பிடித்துத் தின்னும். வெளிர் ரோஜா நிறம் வருமளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்து, அலசி, இரண்டு வாரம் தனி வாளியில் வையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள்.

ஒளிக்கு வீட்டுக்குப் பொருத்தும் இரண்டடி எல்இடி டியூப் போதும். 10 வாட், பகல் வெள்ளை நிறம். காலை நான்கு மணி நேரம், மாலை நான்கு மணி நேரம் எரியட்டும். நடுவே மூன்று மணி நேரம் அணைத்து வைத்தால், செடி தீர்த்துவிட்ட கார்பன் டை ஆக்சைடு மண்ணிலிருந்து மறுபடி நீரில் சேரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இந்தத் தொட்டிக்குத் தேவையில்லை.

காத்திருப்பு

செடி நட்டு நீர் விட்ட பிறகு நான்கு வாரம் மீன் விடாதீர்கள். மணலிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேற அத்தனை நாள் ஆகும். அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும், நைட்ரேட்டைச் செடி தின்னும். இரண்டு நாளுக்கொருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டுவந்தால் அவற்றுக்கு உணவு கிடைக்கும். நம் ஊரில் இந்தக் காத்திருப்பு மிக முக்கியம். காரணம், அம்மோனியாவின் நஞ்சு வெப்பத்தோடும் பி.எச். அளவோடும் கூடும். பி.எச். 7இல் இருக்கும் நீரைவிட 8இல் இருக்கும் நீரில் நஞ்சான பகுதி ஏறத்தாழ பத்து மடங்கு. போர் நீரின் காரத்தன்மையும் முப்பது டிகிரி வெப்பமும் சேர்ந்த இடத்தில் அவசரத்துக்கு இடமில்லை. சோதனைக் குப்பிகள் கடையில் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும்.

இந்த நாட்களில் மணலுக்கடியிலிருந்து குமிழி வரும். வாரம் ஒருமுறை தென்னை ஈர்க்கால் அங்கங்கே குத்திவிடுங்கள். அழுகிய முட்டை நெடி வந்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் குத்தி, கால்பங்கு நீரை மாற்றுங்கள். வேர் பரவியதும் தானே நின்றுவிடும்.

மீன்

இந்தத் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது ஸ்பைக்டெயில் பாரடைஸ். விரல் நீளம்கூட இல்லாத மீன், ஆறு சென்டிமீட்டரைத் தாண்டாது. புதுச்சேரியை ஒட்டி ஓடும் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்து 1831இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே இதற்குப் பெயரிட்டார். குட்டை, வயல் பள்ளம், கழிமுகத்து உவர்நீர் என்று எங்கும் வாழும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருப்பதால் காற்றைச் சுவாசிக்கும். கடையில் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருக்கும். செடி அடர்ந்த தொட்டியில் இரண்டு மாதம் இருந்த பிறகு பாருங்கள்: வால் நடுவிலிருந்து கூராக நீளும் முள், செம்மை படர்ந்த துடுப்பு, ஆணின் கண்ணில் சிவப்பு. இனப்பெருக்கக் காலத்தில் பெண் கறுத்துவிடும். ஆண் இலைக்கடியில் நுரைக் கூடு கட்டி, முட்டையையும் குஞ்சையும் தானே காக்கும். இத்தனை அழகான மீன் வாசலிலேயே இருக்க, நாம் தாய்லாந்து மீனைத் தேடுகிறோம் என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆறு மீன் விடலாம்.

மேற்பரப்புக்குப் பஞ்சாக்ஸ். தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்னும், கொசுப் புழுவை விரும்பித் தின்னும் மீன். சென்னை மீன்களை ஆராய்ந்த சுந்தர ராஜ் 1916இல் விவரித்த பார்வஸ் என்ற சிறு வகைதான் இந்தத் தொட்டிக்கு ஏற்றது, ஆறு போதும். வரிப் பஞ்சாக்ஸ் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து சிறு மீனை விழுங்கும். எந்தப் பஞ்சாக்ஸாக இருந்தாலும் தாவும். மூடி இல்லாமல் வளர்க்க முடியாது.

அடித்தரைக்கு அயிரை. குழம்புக்கு உயிரோடு விற்பதிலிருந்து நான்கைப் பொறுக்கிக்கொள்ளலாம். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உதிர்த்து, மிச்சத் தீவனத்தை எடுத்துத் தின்னும். மணலில் புதையும் பழக்கம் உண்டு. அதனால் செடி வேர்பிடிக்கும் முன்பு விட்டால் வண்டலைக் கிளப்பிவிடும். அயிரை வைக்க நினைப்பவர் மணலை இரண்டு அங்குலமாக இட்டு, மூன்று மாதம் கழித்து விடுவது நல்லது.

கடையில்தான் வாங்க வேண்டுமென்றால் தேன் குராமி ஒரு ஜோடி, அல்லது பெட்டா ஒன்றே ஒன்று. தமிழ்நாட்டு வண்ணமீன் வணிகத்தின் மையம் சென்னை கொளத்தூர். டெல்டா கடைகளுக்கும் அங்கிருந்து மீன் வருகிறது. வந்த அன்றே வாங்காமல், கடைத் தொட்டியில் ஒரு வாரம் இருந்து தீவனம் எடுக்கும் மீனைக் கேட்டு வாங்குங்கள். கோல்டு ஃபிஷ் செடியைப் பிடுங்கும், நீரை அழுக்காக்கும், சூட்டையும் விரும்பாது. டைகர் பார்ப் மெதுவான மீன்களின் துடுப்பைக் கடிக்கும். டேனியோவுக்கு நீந்த நீண்ட இடம் வேண்டும். விரால், குரவை, பனையேறிக் கெண்டை எல்லாம் கூட இருப்பவற்றை விழுங்கும்.

குட்டையிலிருந்து பிடிப்பதானால் நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தேவையான அளவு மட்டும் எடுங்கள். நுரைக் கூட்டைக் காக்கும் ஆணைத் தொடாதீர்கள். மூன்று வாரம் தனித் தொட்டியில், லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் ஸ்பைக்டெயிலை வைக்கலாம். அயிரைக்கு உப்பு வேண்டாம், செடித்தொட்டியில் உப்பே கூடாது. எல்லா மீனையும் ஒரே நாளில் விடாமல் வாரம் ஓர் இனமாக விடுங்கள்.

அன்றாடம்

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீவனம், நாளுக்கு ஒருமுறை, வாரத்தில் ஒரு நாள் விரதம். கொசுப் புழு மிகச் சிறந்த உணவு. வாளியில் வளர்த்தால் நான்கு நாளுக்குள் வடித்துவிட வேண்டும், ஒரு வாரத்தில் அது கொசுவாகிவிடும். சாக்கடையிலிருந்து எடுக்காதீர்கள்.

நீர்மட்டம் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கட்டும். மேலே இருக்கும் அந்தக் காற்றைத்தான் இந்த மீன்கள் சுவாசிக்கின்றன. கண்ணாடி மூடி அதை வெதுவெதுப்பாக வைக்கும். மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் தேவைப்படாது. கோடையில் நீர் 32 டிகிரியைத் தாண்டினால் மூடியை வலையாக மாற்றி, சிறு மின்விசிறியை மேற்பரப்பை நோக்கி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு மழைநீர் அல்லது ஆர்ஓ நீர் மட்டுமே விட வேண்டும், போர் நீர் விட்டுக்கொண்டே இருந்தால் உப்பு சேரும். மொட்டை மாடித் தொட்டியின் நண்பகல் நீரை நேரே விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை கால்பங்கு நீர் மாற்றினால் போதும்.

ஃபில்டர் வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதுவும் குமிழி மெல்ல வரும்படி. ஓட்டம் அதிகமானால் நுரைக் கூடு கலையும். இல்லாமலும் இந்தத் தொட்டி நடக்கும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் திணறும் மீனை இங்கே வளர்ப்பது அந்த மீனுக்குச் செய்யும் நியாயமல்ல. காற்றைச் சுவாசிக்கும் மீனும் அடர்ந்த செடியும் உள்ள தொட்டி, ஜன்னல் வெளிச்சம் இருந்தால் மின்சாரம் இல்லாமலே அந்த நாட்களைக் கடக்கும்.

மேலும் கற்க விரும்புபவர்கள் நாகப்பட்டினத்தில் 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தை அணுகலாம். வண்ணமீன் வளர்ப்புப் பயிற்சிகள் அங்கே நடக்கின்றன.

கலைக்கும்போது

மீன் பெருகும், செடி பெருகும், ஒருநாள் வீடு மாற வேண்டியும் வரும். அப்போது எதையும் வாய்க்காலில் விடாதீர்கள். இலங்கையிலிருந்து 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளங்களில் எப்படி நிறைந்திருக்கிறது என்று பார்க்கிறோம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனைக் குளத்தில் விட்டவர்களால் அது தமிழ்நாட்டின் ஏரிகளில் பரவிவிட்டது. வெங்காயத்தாமரை வாய்க்காலை அடைத்து நிற்பதைக் கடைமடை விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்க் குட்டையிலிருந்து பிடித்த மீனாக இருந்தாலும், கடை மீனோடு ஒரே தொட்டியில் இருந்திருந்தால் நோயைச் சுமந்து செல்லும். மிஞ்சிய மீனை வேறொரு வளர்ப்பவருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுங்கள், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வெட்டிய செடியை வெயிலில் காய வைத்து உரக்குழியில் போடுங்கள். தொட்டி நீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள்.